போருக்குப் பின் விழும் தடை: ஒரு நாட்டின் இழப்பைக் கணக்கிடுவது எப்படி? ஈராக்கை வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு நாடு போரில் அடிபட்டுக் கிடக்கும்போதே அதன் மீது பொருளாதாரத் தடையும் விழுந்தால், “தடையால் இத்தனை கோடி இழப்பு” என்று ஒற்றை எண் ஒன்று செய்திகளில் சுற்றத் தொடங்கிவிடும். அந்த எண்ணில் பெரும்பாலும் மூன்று தனித்தனிப் பில்கள் ஒன்றாகக் கலந்திருக்கும்: குண்டு போட்டு அழித்தது, தடை பறித்தது, அந்நாட்டு அரசே எடுத்த முடிவுகளால் போனது. இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. பொருளாதார மாணவர்களுக்கும், தடைகளைப் பற்றி எழுதும் இதழாளர்களுக்கும் இந்த முறை உதவும். எடுத்துக்காட்டு ஈராக், 1990 முதல் 2003 வரை. நவீன காலத்தில் இவ்வளவு முழுமையான தடையை இத்தனை ஆண்டு தாங்கிய நாடு வேறொன்றைச் சொல்வது கடினம். ஆவணங்களும் ஏராளம்.

முதலில் தேதிகளை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். 1990 ஆகஸ்ட் 2: ஈராக் குவைத்துக்குள் நுழைகிறது. ஆகஸ்ட் 6: ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 661-ஆம் தீர்மானம். மருந்தும், மனிதாபிமானத் தேவைக்கான உணவும் தவிர, ஏற்றுமதி, இறக்குமதி, பணப் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் தடை. 1991 ஜனவரி 17 முதல் பிப்ரவரி 28 வரை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையோடு போர். 1991 ஏப்ரல் 3: 687-ஆம் தீர்மானம், பேரழிவு ஆயுதங்களை ஒப்படைக்கும்வரை தடை நீடிக்கும். 1995 ஏப்ரல் 14: 986-ஆம் தீர்மானம், அதாவது ஐ.நா. மேற்பார்வையில் எண்ணெய் விற்று, அந்தப் பணத்தில் உணவும் மருந்தும் வாங்கும் ‘எண்ணெய்க்கு உணவு’த் திட்டம். அதன்படி முதல் எண்ணெய் வெளியேறியது 1996 டிசம்பரில். முதல் உணவு வந்து சேர்ந்தது 1997 மார்ச்சில். 2003 மே 22: 1483-ஆம் தீர்மானத்தோடு தடை முடிகிறது.

தடை போருக்கு ஐந்து மாதம் முன்பே தொடங்கிவிட்டதைக் கவனியுங்கள். “போருக்கு முன், போருக்குப் பின்” என்று மட்டும் கோடு கிழித்தால் அந்த ஐந்து மாத இழப்பு தவறான கட்டத்தில் போய் உட்காரும்.

அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுத்தல்

இழப்பு என்றால் எதோடு ஒப்பிட்டு இழப்பு? இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த 1980-ஐ ஒட்டிய காலத்தை அடிப்படையாக வைத்தால், இரானோடு 1980 முதல் 1988 வரை நடந்த போரின் சேதமும், 1986-இல் எண்ணெய் விலை சரிந்ததும் தடையின் கணக்கில் ஏறிவிடும். 1990-ஐ வைத்தால் அந்த ஆண்டில் பாதி தடைக்குள்ளேயே இருக்கிறது. பொருத்தமானது 1989. அப்போதும் ஈராக் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. ஆகவே, “தடை இல்லாவிட்டால் நாடு செழித்திருக்கும்” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “கடனோடு தட்டுத் தடுமாறி நடந்திருக்கும்” என்ற ஊகமே நியாயமானது.

மொத்த உள்நாட்டு உற்பத்தி எண்ணை வைத்துத் தொடங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டுகளில் ஈராக் அரசு நம்பத்தக்க கணக்கு எதையும் வெளியிடவில்லை. அட்டவணைகளில் காணும் எண்கள் பிற்பாடு ஊகித்து நிரப்பியவை. கையில் பிடிக்கக்கூடிய பொருளிலிருந்து தொடங்க வேண்டும். ஈராக்கில் அது எண்ணெய்.

எண்ணெய் வருமானக் கணக்கு

தேவையான எண்கள் நான்கு: தடை இல்லாவிட்டால் எத்தனை பீப்பாய் விற்றிருக்கும், என்ன விலைக்கு, போர்ச் சேதத்தைச் சரிசெய்ய எவ்வளவு காலம் ஆகியிருக்கும், தடையையும் மீறி உண்மையில் எவ்வளவு விற்றது.

1990 ஜூலையில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக் ஈராக்குக்கு ஒதுக்கிய அளவு நாளுக்குச் சுமார் 31 லட்சம் பீப்பாய். உள்நாட்டுத் தேவைக்குச் சுமார் 4 லட்சம் கழித்தால் ஏற்றுமதி 27 லட்சம். விலைக்கு அந்த ஆண்டுகளின் சந்தை விலையை அப்படியே போடக்கூடாது. ஈராக்கின் எண்ணெய் சந்தையில் இல்லாததும் அந்த விலைக்கு ஒரு காரணம். இருந்திருந்தால் விலை இறங்கியிருக்கும். அதனால் கொஞ்சம் குறைத்து, பீப்பாய்க்கு 15 டாலர் என்று வைப்போம்.

27 லட்சம் × 365 = 98.55 கோடி பீப்பாய். 15 டாலரால் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 1,478 கோடி டாலர். 1991 முதல் 1996 வரை ஆறு ஆண்டுக்கு 8,868 கோடி டாலர். பலர் இந்த இடத்தில் நிறுத்தி, இதையே தடையின் இழப்பு என்று அறிவித்துவிடுகிறார்கள். அது தவறு. சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்றுமதி முனையங்களும் குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்தன. தடையே இல்லாவிட்டாலும் 1991-இல் 27 லட்சம் பீப்பாய் போயிருக்காது.

எவ்வளவு போயிருக்கும்? பக்கத்து வீட்டைப் பாருங்கள். குவைத்தின் எண்ணெய்க் கிணறுகள் தீயிலிட்டுக் கொளுத்தப்பட்டன. கடைசித் தீ அணைந்தது 1991 நவம்பரில். அதன் உற்பத்தி 1991-இல் முந்தைய அளவில் பத்தில் ஒரு பங்குதான். 1992-இல் பாதியைத் தாண்டியது. 1993-இல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதே வேகத்தை ஈராக்குக்கும் பொருத்துவோம்: 1991-க்கு 10 சதவீதம், 1992-க்கு 55 சதவீதம், பிறகு முழு அளவு.

1991: 148 கோடி டாலர்
1992: 813 கோடி டாலர்
1993 முதல் 1996 வரை: 5,912 கோடி டாலர்
மொத்தம்: 6,873 கோடி டாலர்

முன்பு வந்த 8,868 கோடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2,000 கோடி டாலர். அது போரின் பில். மீதியில் இருந்து, ஜோர்டானுக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெயைக் கழிக்க வேண்டும். ஐ.நா. அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது. நாளுக்கு 70,000 பீப்பாய் என்று எடுத்தால் ஆறு ஆண்டுக்குச் சுமார் 230 கோடி டாலர். எஞ்சுவது ஏறக்குறைய 6,600 கோடி. (1990 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான இழப்பைத் தனி வரியில் போடுங்கள். அந்த மாதங்களில் நெருக்கடியாலேயே விலை 40 டாலரைத் தொட்டு இறங்கியது. சராசரியில் கலந்தால் கணக்கு வீங்கிவிடும்.)

விலை ஊகத்தை 1 டாலர் மாற்றினால் மொத்தத்தில் சுமார் 460 கோடி டாலர் மாறுகிறது. எனவே 12, 15, 18 டாலர் என மூன்று விலைக்கும் கணக்குப் போட்டு, விடையை ஒரு வீச்சாகவே சொல்லுங்கள். ஒற்றை எண்ணைத் தருபவர் தம் ஊகத்தை மறைக்கிறார்.

இந்த 6,600 கோடியும் தடை போட்டவர்கள் தலையில்தானா? 1991 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 706, 712-ஆம் தீர்மானங்கள் வந்தன. ஆறு மாதத்துக்கு 160 கோடி டாலர் வரை எண்ணெய் விற்று, ஐ.நா. மேற்பார்வையில் உணவும் மருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்றன. இறையாண்மைக்கு இழுக்கு என்று பாக்தாத் அரசு மறுத்தது. அது தொடர்ந்து நீட்டிக்கப்பட்டிருந்தால், 1996 முடிவுவரை ஐந்து ஆண்டில் 1,600 கோடி டாலர் விற்பனை நடந்திருக்கும். இதற்கு மூன்றாவது நெடுவரிசை ஒன்று போட்டு, “அரசு மறுத்த வாய்ப்பு” என்று எழுதுங்கள். அந்தத் தொகையில் குவைத் படையெடுப்பின் இழப்பீட்டுக்கென 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பழியை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது வாசகரின் உரிமை. எண்களைப் பிரித்துக் காட்டுவது எழுதுபவரின் கடமை.

மின்சாரம் என்ற சங்கிலி

வருமான இழப்பு ஒரு பகுதிதான். பணமே இருந்தாலும் வாங்க முடியாத பொருள்கள் உண்டு. அவற்றின் சேதம் சங்கிலியாகப் பரவும். போருக்கு முன் ஈராக்கின் மின் நிறுவுதிறன் சுமார் 9,000 மெகாவாட். 1991 கோடையில் கிடைத்தது போருக்கு முந்தைய மின்சாரத்தில் கால்பங்கு. ஒரு நிலையத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் பொறியாளர்கள் ஓட்டினார்கள். மின்சாரம் இல்லையென்றால் நீரேற்று மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசியும். அதைக் கொல்லக் குளோரின் வேண்டும். குளோரினோ ஆயுதத்துக்கும் பயன்படும் என்று கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. முடிவில் வயிற்றுப்போக்கு. இதற்கு விலை போட வேண்டுமானால் உதிரிபாகத்தின் விலையைப் போடாதீர்கள். அது இல்லாததால் நின்றுபோன பணியின் மதிப்பைப் போடுங்கள். சில ஆயிரம் டாலர் பெறும் ஒரு பாகம் ஒரு நகரத்தின் குடிநீரையே நிறுத்தக்கூடும்.

1991 ஜூலையில் சத்ருதீன் ஆகா கான் தலைமையில் சென்ற ஐ.நா. குழு, அடிப்படைச் சேவைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சுமார் 2,200 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. போர்ச் சேதத்துக்கான அடிப்படை எண்ணாக இதை வைத்துக்கொள்ளலாம். மேலே கணக்கிட்ட 2,000 கோடியோடு இதைக் கூட்டிவிடாதீர்கள். எண்ணெய்த் துறைச் சேதம் இரண்டிலும் இருக்கிறது.

தினாரை டாலராக்கும்போது

இந்த இடத்தில் கணக்குகள் முழுசாகக் கவிழ்ந்திருக்கின்றன. ஈராக்கின் அதிகாரப்பூர்வ மாற்று விகிதம் ஒரு தினாருக்கு 3 டாலருக்கும் மேல். சந்தையில் 1995 இறுதியில் ஒரு டாலர் வாங்க 3,000 தினார் வரை கொடுக்க வேண்டியிருந்தது. மாதம் 3,000 தினார் வாங்கும் பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரப்பூர்வ விகிதத்தில் அவர் சம்பளம் 9,000 டாலருக்கும் மேல். சந்தை விகிதத்தில் 1 டாலர். பன்னாட்டு அட்டவணைகள் சிலவற்றில் சில ஆண்டுகளின் எண் மட்டும் திடீரென உயர்ந்து நிற்பதற்கு இந்த விகிதமே காரணம்.

சந்தை விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அது மக்களின் எதிர்பார்ப்பையும் சேர்த்துக் காட்டும். எண்ணெய்க்கு உணவுத் திட்டத்துக்குப் பேச்சு நடக்கிறது என்ற செய்தி வந்ததுமே, ஒரு மூட்டை கோதுமைகூட வந்து இறங்காத நிலையில், 1996 தொடக்கத்தில் தினாரின் மதிப்பு சடசடவென ஏறியது. ஒரு நாள் விகிதத்தை எடுக்காமல் ஆண்டுச் சராசரியை எடுங்கள்.

இன்னொரு சிக்கல்: ஒரே நாட்டில் இரண்டு தினார். வெளிநாட்டில் அச்சடித்த பழைய நோட்டுகள், மக்கள் ‘சுவிஸ் தினார்’ என்று அழைத்தவை, வடக்கே குர்துப் பகுதியில் தொடர்ந்து புழங்கின. தடையால் நல்ல தாளும் மையும் கிடைக்காத பாக்தாத், அதிபர் சதாம் உசேன் படம் போட்ட மலிவான நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. 2003 அக்டோபரில் பணமாற்றம் நடந்தபோது ஒரு சுவிஸ் தினாருக்கு 150 சதாம் தினார் என்று விகிதம் வைத்தார்கள். புதிதாக அச்சடிக்க ஆளில்லாத நோட்டுக்குத்தான் மதிப்பு நிலைத்தது. விலைவாசி உயர்வில் தடைக்கு எவ்வளவு பங்கு, பற்றாக்குறையை நோட்டடித்து நிரப்பிய அரசுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க இந்த ஒப்பீடு நல்ல கருவி. வடக்கும் அதே தடைக்குள்தான் இருந்தது; போதாததற்கு 1991 அக்டோபர் முதல் பாக்தாத் அதன் மீது தானும் ஒரு முற்றுகை வைத்திருந்தது. ஆனால் வடக்குக்கு மழையும் துருக்கி எல்லை வணிகமும் நிவாரண அமைப்புகளும் இருந்தன. ஆகவே வித்தியாசம் முழுவதையும் அச்சுக்கூடத்தின் மேல் போட்டுவிடாதீர்கள்.

மாற்று விகிதத் தலைவலியே வேண்டாம் என்றால் கூலியை உணவால் அளந்து பாருங்கள். 1991-இல் ழான் த்ரேஸ், ஹாரிஸ் கஸ்தர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு குடும்பம் வழக்கமாக உண்ணும் உணவுக் கூடையைத் தீர்மானித்து, அதன் விலையை 1990 ஆகஸ்டிலும் 1991 ஆகஸ்டிலும் எடுத்து, கூலியால் எத்தனை கூடை வாங்க முடிகிறது என்று பார்த்தார்கள். பயிற்சி இல்லாத தொழிலாளியின் வாங்கும் சக்தி ஓராண்டில் பழைய அளவில் 5 முதல் 7 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இந்தியக் கிராமத்து விவசாயக் கூலியைவிடவும் அது கீழே. ஐந்து கூடை வாங்கியவர் கால் கூடையோடு வீட்டுக்குத் திரும்பிய நிலை இது. எந்த உற்பத்திக் குறியீடும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ரேஷனைச் சேர்க்க மறக்காதீர்கள்

கூலியை மட்டும் பார்த்தால் ஈராக் மக்கள் அனைவரும் 1992-க்குள் பட்டினியால் மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை, காரணம் ரேஷன். தடைக்கு முன் உணவில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இறக்குமதி செய்த நாடு அது. 1990 செப்டம்பரிலேயே அரசு எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் தொடங்கியது. தெருக்கடைக்காரர்களே முகவர்கள். 1994 இறுதியில் அளவை வெட்டியபின் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சுமார் 1,100 கிலோகலோரி. எண்ணெய்க்கு உணவுத் திட்டம் வந்தபின் 2,000 கிலோகலோரியைத் தாண்டியது. மாதம் ஆளுக்கு 9 கிலோ கோதுமை மாவு, அதோடு அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய், பருப்பு, தேயிலை.

ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மாவு மட்டும் மாதம் 54 கிலோ. அதன் சந்தை விலையைக் குடும்ப வருமானத்தோடு கூட்டுங்கள். பலருக்கு அது சம்பளத்தைவிட அதிகமாக வரும். இரண்டு எச்சரிக்கைகள். பல வீடுகள் ரேஷனில் ஒரு பகுதியை விற்று மருந்து வாங்கின, அதனால் வழங்கியது எல்லாம் உண்டதாகாது. அடுத்து, கலோரி நிரம்பினாலும் புரதமும் இரும்புச் சத்தும் நிரம்பாது. பெண்கள், குழந்தைகளின் ரத்தசோகை கலோரி அட்டவணையில் தெரியவே தெரியாது.

எண்ணெய்க்கு உணவு: பணம் போன வழி

இத்திட்டத்தில் மொத்தம் 6,420 கோடி டாலர் எண்ணெய் விற்றது. இந்த எண்ணை மக்கள்தொகையால் வகுத்து “ஆளுக்கு இவ்வளவு கிடைத்தது” என்று எழுதினால் பெரிய பிழை. 2000 டிசம்பர் வரை ஒவ்வொரு 100 டாலரும் இப்படிப் பிரிந்தது: குவைத் படையெடுப்பின் இழப்பீட்டு நிதிக்கு 30; வடக்கு மாகாணங்கள் மூன்றுக்கு 13; ஐ.நா. நிர்வாகத்துக்கு 2.2, ஆயுதச் சோதனைக்கு 0.8, குழாய்வழிக் கட்டணம் முதலியவற்றுக்கு 1, எஞ்சிய 53 ஈராக்கின் நடுவுக்கும் தெற்குக்கும். அதன்பின் இழப்பீடு 25 ஆகக் குறைந்தது, நடு-தெற்குக்கு 59 ஆனது.

அடுத்து, ஒதுக்கியது வேறு, ஒப்பந்தமானது வேறு, வந்து சேர்ந்தது வேறு. மூன்றாவதை மட்டும் எடுங்கள். 1997 மார்ச் 20 முதல் 2003 நவம்பர் 21 வரை வந்து சேர்ந்த பொருள் சுமார் 3,100 கோடி டாலர் பெறும். 6.7 ஆண்டு, 2.4 கோடி மக்கள் என்று வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 190 டாலர் அளவு. உணவு, மருந்து, பள்ளி, மின்சாரம், எண்ணெய்க்கிணற்று உதிரிபாகம் எல்லாம் இதற்குள்ளேயே.

இதுவும் உண்மை மதிப்பு இல்லை. 2000 முதல் சதாம் அரசு ஒப்பந்தக்காரர்களிடம் ‘விற்பனைக்குப் பிந்தைய சேவை’ என்ற பெயரில் 10 சதவீதம் கமிஷன் வசூலித்தது. நிறுவனங்கள் அதை விலையில் ஏற்றிவிட்டன. ஆக 110 டாலர் ஒப்பந்தத்தில் வந்தது 100 டாலர் சரக்கு. பால் வோல்க்கர் தலைமையில் ஐ.நா. அமைத்த விசாரணைக் குழு 2005-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தக் கமிஷனும் எண்ணெய் வாங்கியவர்களிடம் வசூலித்த கூடுதல் கட்டணமும் சேர்த்து, திட்டத்துக்குள் சுரண்டியது சுமார் 180 கோடி டாலர். திட்டத்துக்கு வெளியே கடத்தலாகப் போன எண்ணெய் இதைப்போலப் பலமடங்கு. 2000-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களை 1.1-ஆல் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

மறுபுறம், ஒப்பந்தங்களைச் சரிபார்த்த ஐ.நா. தடைக்குழுவில் பெரும்பாலும் அமெரிக்காவும் பிரிட்டனும் நிறுத்திவைத்த ஒப்பந்தங்கள். 2002-இல் அவற்றின் மதிப்பு 500 கோடி டாலருக்கு மேல். மதிப்பைவிட நிறுத்திய விதம் முக்கியம். ஒரு நீரேற்று நிலையத்தின் பத்துப் பாகங்களில் ஒன்பது வந்து ஒன்று நின்றால், ஒன்பதும் கிடங்கில் துருப்பிடிக்கும். வந்ததன் மதிப்பு 90 சதவீதம் என்று பதிவேடு சொல்லும், ஓடியது பூஜ்யம்.

இதைவிட ஆழமான குறை ஒன்று திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. நடு, தெற்கு ஈராக்குக்கு ரொக்கம் தரப்படவில்லை. வெளிநாட்டுப் பொருளாகவே வாங்க வேண்டும். உள்ளூர் விவசாயியின் கோதுமையை இப்பணத்தில் வாங்க முடியாது. வந்த இயந்திரத்தைப் பொருத்துபவருக்குக் கூலி கொடுக்க முடியாது. ஏறக்குறைய இலவசமாக மாவு கிடைக்கும் ஊரில் கோதுமை பயிரிட்டவர் யாருக்கு விற்பார்? பசியைத் தணித்த அதே திட்டம் உழவை முடக்கியது. இந்த இழப்பையும் தடையின் கட்டத்திலேயே எழுத வேண்டும்.

உயிரிழப்பு எண்கள்

இங்கே மிகுந்த கவனம் தேவை. “தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தனர்” என்ற வாக்கியம் இன்றும் உலவுகிறது. அதற்கு அடித்தளம், 1999-இல் யுனிசெஃப் ஈராக் அரசோடு சேர்ந்து நடத்திய ஆய்வு. நடு, தெற்குப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்கு 56-இலிருந்து 131 ஆக உயர்ந்ததாக அது சொன்னது. 2003-க்குப் பின் நடந்த பல ஆய்வுகள் அதே ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தபோது அப்படியொரு பாய்ச்சலே தென்படவில்லை. இறப்பு ஆயிரத்துக்கு 40-ஐ ஒட்டியே இருந்தது. 1999 தரவு திரிக்கப்பட்டது என்ற முடிவை 2017-இல் மக்கள்தொகை ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள்.

எனவே எந்த இறப்பு எண்ணை எடுத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். வீடுவீடாகப் போனவர்கள் யாருடைய ஊழியர்கள்? பிற்கால ஆய்வு அதே ஆண்டுகளுக்கு என்ன சொல்கிறது? ஒப்பிடும் அடிப்படை எது, 1980-களின் இறங்குமுகம் தொடர்ந்திருக்கும் என்ற ஊகமா, 1990-இன் நிலை அப்படியே நின்றிருக்கும் என்பதா? 1991-இன் போரும் அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் ஒடுக்குமுறையும் தனியே பிரிக்கப்பட்டனவா? பொய்யான எண், பட்டினி கிடந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அது உடையும் நாளில் உண்மையான வேதனையையும் சேர்த்து மறுக்க வசதியாகிவிடும். கூலியின் வாங்கும் சக்தி 5 முதல் 7 சதவீதமாகச் சுருங்கியதும், ரேஷன் 1,100 கிலோகலோரிக்கு இறங்கியதும் மறுக்க முடியாதவை. அவற்றின் மேல் நின்று எழுதுங்கள்.

எல்லைக்கு வெளியே, 2003-க்கு அப்பால்

தடையின் பில் அண்டை நாடுகளுக்கும் போகும். துருக்கி வழியாகச் சென்ற கிர்குக் எண்ணெய்க் குழாய் 1990 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் கட்டண வருமானம் நின்றது. ஐ.நா. சாசனத்தின் 50-ஆம் பிரிவின்கீழ் 21 நாடுகள் தங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்காக முறையிட்டன. இந்தியாவும் இலங்கையும் அப்பட்டியலில் உண்டு. ஈராக் இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர். மலையகத் தோட்டங்களின் இலை எந்தச் சந்தைக்குப் போகிறது என்பதைப் பாதுகாப்புச் சபைத் தீர்மானம் ஒன்று தொட்டது. இந்த இழப்புகளைத் தனி அட்டவணையில் போடுங்கள். ஈராக்கின் இழப்போடு கூட்டினால் ஒரே வணிகத்தை இரண்டு முறை எண்ணியதாகும்.

கணக்கின் கடைசி ஆண்டு 2003 என்று வைக்காதீர்கள். தடை விலகியும் இழப்பீடு நின்றுவிடவில்லை. எண்ணெய் வருமானத்தில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுத் தொடர்ந்தது. நடுவே சில ஆண்டு நின்று மறுபடி தொடங்கி, மொத்தம் 5,240 கோடி டாலரின் கடைசித் தவணை 2022 ஜனவரியில்தான் கட்டி முடிந்தது. இதைத் தடையின் இழப்பாகக் காட்டக்கூடாது. அது படையெடுப்பின் விலை. ஆனால் தடைக் காலத்தில் எண்ணெய்ப் பணத்திலிருந்து கழிந்த தொகை என்பதால் அதற்கென ஒரு வரி ஒதுக்கி, எந்த ஆண்டில் எவ்வளவு போனது என்று எழுதி வையுங்கள். அட்டவணையின் மேல்வரிசையில் நான்கு தலைப்புகள் வரும்: போர், தடை, அரசின் முடிவு, இழப்பீடு. எதில் போடுவது என்று தீர்மானிக்க முடியாத தொகைக்கு ஐந்தாவதாக ஒரு கட்டம் வைத்து, ஏன் தீர்மானிக்க முடியவில்லை என்ற காரணத்தையும் அதன் அருகிலேயே எழுதுங்கள்.